நோயாளியின் உடல் ஓர் அமானத்

அமானத் என்றதும் நம் வீடுகளில் பணமும் நகையும் சாவிக்கொத்தும்தான் நினைவுக்கு வருகின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்லும் பெட்டியை அமானத் என்கிறோம். அதில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் கியானத் என்கிறோம். சரிதான். ஆனால், ஒரு மனிதன் தன் வாழ்நாளில் பிறர் கையில் ஒப்படைப்பவற்றில் எல்லாம் பெரியது எது? அவனுடைய சொந்த உடலேயாகும். மயக்க மருந்து கொடுக்கப்பட்டு ஆபரேஷன் மேஜையில் கிடப்பவர், பக்கவாதத்தில் நாக்குப் புரளாமல் படுத்திருக்கும் முதியவர், பிரசவ வலியில் தன்னை மறந்திருக்கும் பெண் ஆகியோர் தம் மானத்தையும் இரகசியத்தையும் உயிரையும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்புவித்துவிட்டுக் கிடக்கிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர். டாக்டர் நாளைக்கு ஐந்து நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். இரவும் பகலும் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ்தான்.

அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம், அமானத்துகளை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்புவிக்குமாறு பணிக்கிறது. விரிவுரையாளர்கள் இதனைப் பொருளுக்கு மட்டும் உரியதாகக் கொள்ளாமல், ஒருவரை நம்பி விடப்பட்ட எல்லாப் பொறுப்புகளுக்கும் உரிய பொதுக்கட்டளையாகவே விளக்கியிருக்கின்றனர். ஆகவே, நோயாளிக்கும் தாதிக்கும் இடையிலுள்ள உறவையும் அமானத்தின் சட்டத்தில் வைத்தே பார்க்க வேண்டும். 'இது நர்ஸுகளுக்குச் சொல்ல வேண்டியது, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நோயாளியாகவோ, நோயாளிக்குத் துணையிருப்பவராகவோ, நர்ஸைப் பெற்ற வாப்பா உம்மாவாகவோ நாம் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் இந்தப் பாடத்துக்குள் வரவேண்டியிருக்கிறது.

அனுமதி எங்கிருந்து வந்தது?

பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் ஆண்களுக்கும், 31ஆம் வசனம் பெண்களுக்கும் தனித்தனியே கட்டளையிடுகின்றன. பார்ப்பதற்கே இவ்வளவு பேணுதல் என்றால் தொடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரு பெண் அந்நிய ஆணின் கையைப் பிடித்து ஊசி போடுவதும் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் எப்படி ஆகுமானதாயிற்று?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே ஆயிற்று. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள், தாமும் மற்றப் பெண்களும் நாயகம் (ஸல்) அவர்களுடன் போருக்குச் சென்று வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததையும், காயம்பட்டவர்களைப் பேணியதையும், அவர்களை மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் அறிவித்திருக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த அறிவிப்பை மருத்துவம் பற்றிய பாகத்திலும் சேர்த்து, ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்யலாமா என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக இட்டிருக்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, பின்னணியில் இருந்து சமைத்துப் போட்டதையும் நோயாளிகளைக் கவனித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். அகழ்ப்போரில் அம்பு பாய்ந்து கிடந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) என்ற அம்மையாரின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கப்பட்டார்கள். காயம்பட்டோருக்கு மருந்திடும் பணியைத் தம் பொறுப்பாகவே ஏற்றுச் செய்தவர் அந்த அம்மையார்.

அதே வேளையில் இன்னொரு நிகழ்ச்சியையும் மறந்துவிடக் கூடாது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் இரத்தம் குத்தி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அபூ தைபா (ரலி) அவர்களை அப்பணிக்கு அனுப்பினார்கள். இதை அறிவிப்பவர், அபூ தைபா அன்னையாருக்குப் பால்குடிச் சகோதரராகவோ பருவமடையாத சிறுவராகவோ இருந்திருப்பார் என்று தாம் கருதுவதாகவும் சேர்த்துச் சொல்கிறார். மருத்துவம் என்ற பெயர் வந்தவுடன் எல்லாத் திரையும் விலகிவிட்டதாக அந்தத் தலைமுறை நினைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஃபிக்ஹு நூல்களும் இதே வழியில்தான் செல்கின்றன. ஷாபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், இரத்தம் எடுத்தல், சிகிச்சை ஆகியவற்றுக்காகப் பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என்கிறார்கள். பெண்ணுக்குப் பெண்ணே கிடைக்கும்போது ஆணிடம் போகக் கூடாது. ஆணிடம் போக நேர்ந்தால் கணவரோ மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க வேண்டும் என்பதை அதன் விரிவுரைகள் தெளிவாக்குகின்றன. ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' இன்னும் விவரமாகச் சொல்கிறது. முடிந்தால் ஒரு பெண்ணுக்கு அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்துச் செய்விக்க வேண்டும். அது இயலாவிட்டால் நோயுள்ள இடத்தைத் தவிர மற்ற உறுப்புகளை எல்லாம் மூடிவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, இயன்றவரை பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான சட்டவிதி ஒன்றுதான். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும்; ஆனால், நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான் ஆகுமாக்கும். முழங்காலில் புண் என்றால் முழங்கால் வரைக்கும்தான் அனுமதி. ஐந்து நிமிட வேலைக்கு ஐந்து நிமிட அனுமதி. கட்டுப் போட்டு முடிந்த மறுகணமே அந்த அனுமதி திரும்பப் பெறப்படுகிறது. இருவரும் மீண்டும் அந்நியர்களாகிவிடுகிறார்கள். அனுமதி முடிந்த பிறகும் நீடிக்கும் கை, பார்வை, பேச்சு எல்லாமே எல்லை மீறல்தான்.

இங்கே நம் பெண்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். 'பெண்ணுக்குப் பெண்தானே, என்ன மறைப்பு?' என்று பிரசவ வார்டில் திரையைக்கூட இழுக்காமல், ஆயாவும் பயிற்சி மாணவிகளும் பக்கத்துக் கட்டில்காரியின் உறவுப் பெண்களும் பார்த்திருக்க ஒரு பெண்ணைக் கிடத்திவிடுகிறார்கள். தொப்புளிலிருந்து முழங்கால் வரை பெண்ணுக்குப் பெண்ணும் மறைக்க வேண்டியதே என்பது இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். தேவைப்படுகிற ஒருவருக்குக் கிடைத்த அனுமதி, வேடிக்கை பார்க்கும் நால்வருக்குக் கிடையாது.

மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர் கற்றுத் தரும் பாடம்

நர்ஸின் கடமையை விளக்க ஒரு நல்ல உவமை நம் வீடுகளிலேயே இருக்கிறது. மய்யித்தைக் குளிப்பாட்டும் முறையைக் கவனியுங்கள். உயிரில்லாத உடல், அதற்கு வெட்கமோ வலியோ இல்லை. இருந்தும் மறைவிடத்தில் துணி போர்த்துகிறோம். மறைவிடத்தைக் கழுவுகிறவர் கையில் துணி சுற்றிக்கொள்கிறார். சுற்றி மறைத்த இடத்தில், குளிப்பாட்டுகிறவரும் அவருக்கு உதவுகிறவரும் தவிர வேண்டாதவர் எவரும் நிற்பதில்லை. மய்யித்தில் ஏதேனும் குறையைக் கண்டால் அவர் வெளியே வந்து வாய் திறப்பதில்லை. அவ்விதம் மறைத்தவருக்கு அல்லாஹ்வின் மன்னிப்பு நாற்பது மடங்கு உண்டு என்ற கருத்தில் ஹாகிமில் ஒரு நபிமொழி பதிவாகியிருக்கிறது.

உயிர் பிரிந்த உடலுக்கே இத்தனை கண்ணியம். அப்படியானால் உயிரோடு, உணர்வோடு, கண்ணைத் திறந்தபடி வெட்கத்தால் குன்றிக்கிடக்கும் உடலுக்கு? படுக்கையில் மலஜலம் கழித்துவிட்ட ஒரு முதியவரைச் சுத்தம் செய்யும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளிப்பதும், பக்கத்து வார்டு நர்ஸைக் கூப்பிட்டுச் சிரிப்பதும் சாதாரண அநாகரிகமாக நமக்குத் தோன்றலாம். மார்க்கத்தின் தராசில் அது ஒரு முஸ்லிமின், ஒரு மனிதனின், மானத்தைக் குலைப்பதாகும். நினைவிழந்தவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்பது சமாதானமல்ல. மய்யித்துக்கும் தெரிவதில்லை அல்லவா?

முற்கால முஸ்லிம் சமூகம் இதனை வெறும் உபதேசமாக விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவி என்பவர் மருத்துவரின் ஒழுக்கம் பற்றி 'அதபுத் தபீப்' என்று ஒரு தனி நூலே எழுதினார். கி.பி. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரி, சந்தைகளையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிகளுக்காக எழுதிய கையேட்டில், மருத்துவர்களிடம் சத்தியம் வாங்கும்படி கூறுகிறார். நோயாளியின் வீட்டுக்குள் நுழையும்போது அங்குள்ள பெண்களைவிட்டுப் பார்வையைத் தாழ்த்துவதும், நோயாளியின் இரகசியத்தை வெளியிடாமலிருப்பதும் அச்சத்தியத்தில் அடக்கம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளும், அந்தந்தப் பகுதிக்கு ஆண், பெண் ஊழியர்களும் இருந்தனர். அளவு மீறுகிற மருத்துவன் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதி வைத்தார்கள்.

நடுக்கோடு

இக்காலத்துத் தாதியியல் படிப்பிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் நர்ஸுகளுக்கு உரிமம் வழங்கும் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு இதை ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது. கோட்டின் ஒரு முனை அசட்டை. மணி அடித்தும் வராதிருப்பது, பேசாதிருப்பது, கடுகடுப்பு ஆகியவை இந்த முனையைச் சேர்ந்தவை. மறுமுனை அளவுக்கு மீறிய ஒட்டுதல். இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதிதான் நோயாளிக்கு உதவும் பகுதி. எல்லை மீறல் என்றதும் நாம் எண்ணுவது இரண்டாவதை மட்டுமே. அசட்டையும் மீறல்தான் என்று அந்தக் கோடு சொல்வது நமக்குப் புதிதன்று. நடுநிலைச் சமுதாயம் என்று பெயர் பெற்றவர்கள் நாம்.

மறுமுனைக்கு ஒருவர் ஒரேயடியாகத் தாவிவிடுவதில்லை. மெல்ல மெல்ல நகர்கிறார். குறிப்பிட்ட ஒரு நோயாளியின் கட்டிலருகே மட்டும் தேவைக்கு மேல் நிற்பது, தன் குடும்பக் கஷ்டங்களை அவரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது, டூட்டி இல்லாத நேரத்திலும் பார்க்க வருவது, 'இவரை என்னைத் தவிர எவருக்கும் புரியாது' என்று எண்ணத் தொடங்குவது, இருவருக்குள் மட்டும் சில செய்திகளை மறைத்து வைப்பது ஆகியவற்றை அபாயக் குறிகளாக அந்தப் பாடம் எடுத்துக்காட்டுகிறது. இவற்றில் எதுவும் தனியே பார்த்தால் பெரும்பாவமாகத் தெரியாது. ஷைத்தானுக்கு அது போதும்! அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததன் நுட்பம், பாவத்தின் கடைசிப் படியை விட்டுவிட்டு முதற்படியிலேயே காவல் வைத்ததில்தான் இருக்கிறது.

'நோயாளியே விரும்பித்தான் பழகினார், அவர் சம்மதம் இருந்தது' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். வலியிலும் பயத்திலும் கிடப்பவர், தனக்கு நீர் கொடுத்த கையின் மீது பாசம் வைப்பது இயற்கை. அது சுதந்திரமான மனத்தின் சம்மதம் ஆகாது. அல்பகரா அத்தியாயத்தின் 235ஆம் வசனம், கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் வெளிப்படையாகத் திருமண ஒப்பந்தம் பேசுவதைத் தடுக்கிறது. நிக்காஹ் ஹலாலானதுதான்; ஆனால், துயரத்தில் இருப்பவரிடம் அதைப் பேசும் நேரம் அதுவன்று. நோய்ப்படுக்கையில் இருப்பவரையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து. நோயாளி குணமாகி, வீடு திரும்பி, தன் காலில் நின்ற பிறகு, பெரியவர்கள் மூலமாக வரும் பேச்சு வேறு. வார்டுக்குள் முளைக்கும் பேச்சு வேறு.

நம் நாட்டின் குற்றவியல் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. மருத்துவமனை ஊழியர் தம் நிலையைப் பயன்படுத்தி அங்குள்ள பெண்ணை இணங்கவைத்து உறவு கொள்வது, பலாத்காரம் ஆகாவிட்டாலும் குற்றமே என்று 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 68ஆம் பிரிவு அதற்கு 5 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல் விதிக்கிறது. பலாத்காரமே என்றால் தண்டனை இன்னும் கடுமையானது.

கைக்கூலியும் அன்பளிப்பும்

மானம் சம்பந்தப்பட்ட மீறலைப் பற்றிக் கோபப்படுகிற நாம், பணம் சம்பந்தப்பட்ட மீறலைப் புன்னகையோடு ஏற்றுக்கொள்கிறோம். குழந்தை பிறந்ததும் வார்டில் கைநீட்டுகிறார்கள். ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் குழந்தை என்றால் ஒரு தொகை. கொடுக்காவிட்டால் குழந்தையைத் தாமதமாகக் காட்டுவார்கள், தாயைக் கவனிக்கமாட்டார்கள் என்ற பயம். 'சந்தோஷமாகக் கொடுங்கள்' என்று வேறு சொல்கிறார்கள்!

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு என்றும் மறுபகுதி தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றும் பிரித்து வைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்நிகழ்ச்சியை ஒவ்வொரு நர்ஸும் தனக்கே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். நான் இந்த வார்டில் இந்த உடுப்பில் நிற்காவிட்டால் இந்தப் புடவையும் இந்தக் கவரும் எனக்கு வந்திருக்குமா? பிரிட்டனில் நர்ஸுகளைப் பதிவு செய்யும் மன்றம் 2015இல் வெளியிட்ட ஒழுக்க விதி, மிக அற்பமானவை தவிர மற்ற எல்லா அன்பளிப்புகளையும் மறுக்கச் சொல்கிறது. நோயாளியிடமோ அவருடைய நெருங்கியவர்களிடமோ கடன் வாங்குவதை அறவே தடுக்கிறது. நம் ஊர்களிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் இதை முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது.

கொடுப்பவர் நிலை என்ன? தனக்கு உரியதல்லாத சலுகையைப் பெறுவதற்காக, பிறரை முந்திக்கொண்டு தன் உறவினருக்குக் கட்டில் பிடிப்பதற்காகக் கொடுத்தால் அது லஞ்சம். கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே. தனக்கு உரிய கவனிப்பே மறுக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் தீங்கைத் தடுத்துக்கொள்ளக் கொடுத்தால் பாவம் வாங்கியவர் மீதே என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆனால், 'வேறு வழியில்லை' என்பதை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டோடு தங்கி முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸுகள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வாப்பாவின் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பெண் மட்டும்தான். நன்றிப் பெருக்கில் முதியவர் வீட்டையே அவள் பெயருக்கு எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்லுமா? ஒருவர் மரணத்தில் முடியும் நோயில் இருக்கும்போது கொடுக்கும் அன்பளிப்பு, நான்கு மத்ஹபுகளிலும் வஸிய்யத்தின் சட்டத்தில் சேர்ந்துவிடும். வாரிசு அல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் அது செல்லும். அதற்கு மேற்பட்டதற்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும். நோயாளியின் மனம் நோயினால் இளகியிருக்கும், அவரைச் சுற்றி இருப்பவரின் செல்வாக்கு அவர் மீது படியும் என்பதை ஷரீஅத் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸை மட்டும் குறை சொல்லும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வாப்பாவின் மலத்தை எடுத்தவளை வருடம் முழுவதும் போனில்கூட ஒரு வார்த்தை விசாரிக்காமல், பத்திரம் என்றதும் விமானம் ஏறி வருகிறீர்களே! அவளுக்குப் பேசிய சம்பளத்தை மாதந்தோறும் ஒழுங்காகக் கொடுத்தீர்களா? அவளுக்குத் தூங்க இரவு இருந்ததா?

வாயும் செல்போனும்

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு இருபுறமும் திரும்பிப் பார்த்தால் அது அமானத் ஆகிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் நபிமொழி உண்டு. நோயாளி திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. அவர் நர்ஸிடம் சொல்வதும், நர்ஸ் அவரிடம் காண்பதும் எல்லாம் இரகசியமே. இன்னாருக்குக் கர்ப்பம் கலைந்தது, இன்னாருக்கு எச்.ஐ.வி. சோதனை எழுதினார்கள் என்று கடைத்தெருவில் கசியும் ஒவ்வொரு செய்தியும் எங்கோ ஒரு கேஸ் ஷீட்டிலிருந்து கிளம்பியதுதான். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது. செல்போனால் நோயாளியைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது இக்காலத்துக்கே உரிய கியானத். குழந்தையின் அழகுக்காக எடுத்தாலும், அரிய நோய் என்பதற்காக எடுத்தாலும், கேட்காமல் எடுத்தால் களவுதான்.

நம் ஊர்களில் இதில் ஒரு சிக்கல் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹ் பேச்சின்போது, 'நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறீர்கள்? பெண்ணுக்கு ஏதோ நோய் என்கிறார்களே, உண்மையா?' என்று நர்ஸிடம் வந்து நிற்பார்கள். திருமண ஆலோசனை கேட்பவரிடம் உண்மையைச் சொல்வது கீபத் ஆகாது என்று இமாம்கள் எழுதியிருப்பது உண்மை. ஆனால், அது பொதுவாகப் பழகித் தெரிந்துகொண்டதைப் பற்றியது என்றே நான் விளங்குகிறேன். சிகிச்சைக்காக நம்பிச் சொல்லப்பட்டதை வைத்துப் பதில் சொல்லத் தொடங்கினால், நாளை எந்தப் பெண்ணும் தன் நோயை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். நோய் முற்றித்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாள். 'பெண் வீட்டாரிடமே கேளுங்கள், மறைக்காமல் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை' என்று திருப்பி அனுப்புவதும், பெண் வீட்டாரை உண்மையைச் சொல்லும்படி தூண்டுவதும்தான் நர்ஸின் வழி.

நம்மவர் செய்யும் மீறல்

எல்லை இருபுறமும் உண்டு. ஊசி போட வரும் பெண்ணிடம் இரட்டைப் பொருளில் பேசும் ஆண்கள், தேவையில்லாமல் மணி அடித்துக் கூப்பிடும் ஆண்கள், கையைப் பிடித்துக்கொண்டு விடாத கிழவர்கள் எல்லோரும் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை. நம் வீட்டிலிருந்துதான் போகிறார்கள். வெளியூர்க்காரி, வேறு மதத்துக்காரி, கேட்பாரில்லை என்ற துணிச்சல். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை எதிரே இருப்பவரின் மதத்தைப் பார்த்து இறங்கவில்லை. துணைக்கு நிற்கும் குடும்பத்தாரும் 'சும்மா தமாஷுக்குப் பேசுகிறார்' என்று சிரித்து மழுப்பாமல் அந்த இடத்திலேயே கண்டிக்க வேண்டும்.

இதையொட்டி மற்றொன்று. நம் மனைவிக்கும் மகளுக்கும் பெண் டாக்டர் வேண்டும், பெண் நர்ஸ் வேண்டும், முடிந்தால் முஸ்லிம் பெண்ணாகவே வேண்டும் என்கிறோம். நம் மகள் நர்ஸிங் படிக்கிறேன் என்றால் மட்டும் 'அது நமக்குச் சரிப்படாத வேலை' என்கிறோம். படித்து வேலைக்குப் போன பெண்ணுக்கு வரன் தேடும்போது நெற்றியைச் சுருக்குகிறோம். பிறகு பெண் நர்ஸ் எங்கிருந்து வருவார்? மருத்துவக் கல்வி பர்ளு கிஃபாயா என்று எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஊரில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதபோதும் எல்லோரும் சட்ட விவாதங்களையே நாடி ஓடுவதைக் கண்டு தம் 'இஹ்யா'வில் வருந்தியிருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்திய அந்த வருத்தம் நம் தெருவுக்கும் பொருந்துகிறது.

முறையிடுவது எப்படி?

அநீதி நடந்தபின் நம் குடும்பங்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றே: வாயை மூடிக்கொள்வது. 'நாலு சாட்சி இல்லாமல் பேசினால் அவதூறாகிவிடும்' என்று சிலர் மார்க்கத்தையே காரணமாகக் காட்டுகிறார்கள். இது தவறான விளக்கம். அந்நூர் அத்தியாயத்தின் 4ஆம் வசனம், கற்புள்ள பெண்கள் மீது விபசாரப் பழி சுமத்துகிறவர்களைப் பற்றியது. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைச் சொல்லி நீதி கேட்பவரைப் பற்றியதன்று. தீயதை உரக்கப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனமே அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு அளிக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் கீபத் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்தும்போது, அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரியிடம் முறையிடுவதைத்தான் முதலாவதாக வைக்கிறார்கள்.

ஆண் மருத்துவர் ஒரு பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்கக் கேட்பது உரிமை என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயம் குறிப்பிடுகிறது. ஆண் நர்ஸோ டெக்னீஷியனோ வரும்போதும் இதையே கேளுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. தவறு நடந்துவிட்டால் முதலில் நர்ஸிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். பாலியல் தொல்லை என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய நர்ஸிங் ஹோம் என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். நர்ஸாக வேலை பார்க்கும் பெண் மட்டுமின்றி, சிகிச்சைக்கு வந்த பெண்ணும் அங்கே முறையிடலாம். கால வரம்பு 3 மாதம். உடலில் கை வைத்த குற்றமாக இருந்தால் இவற்றுக்குக் காத்திராமல் நேரே போலீஸுக்குப் போக வேண்டும்.

முறையீட்டில் தேதி, நேரம், வார்டு, கட்டில் எண், அப்போது டூட்டியில் இருந்தவர் யார், அருகில் யார் யார் இருந்தார்கள் என்பவற்றை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். ஊகத்தைச் சேர்க்க வேண்டாம். நல்லபடியாகக் கவனித்த நர்ஸ் ஒருவர் அதே வார்டில் இருந்திருப்பார். அவர் பெயரையும் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதி விடுங்கள்.